இண்டெக்ஸ் இருந்தும் ஏன் தொடவில்லை? அரே நெடுவரிசையும் கல்வெட்டுச் சொற்களும்

“இண்டெக்ஸ் போட்டாச்சு, ஆனாலும் போஸ்ட்கிரெஸ் முழு டேபிளையும் படிச்சுக்கிட்டு இருக்கு. ஏன்?”

அரே நெடுவரிசை வைத்து வேலை செய்யும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருப்பார்கள். இண்டெக்ஸின் வகை சரியாக இருக்கும். பதிலும் சரியாகவே வரும், தாமதமாக வரும், அவ்வளவுதான். கேள்வியை எழுதிய விதம் மட்டும் இண்டெக்ஸ் எதிர்பார்க்கும் விதமாக இருக்காது. என்ன மாற்ற வேண்டும் என்பதைப் போனில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஏன் மாற்ற வேண்டும் என்பதை அப்படிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்த நீளமான பதிவு.

உதாரணத்துக்குக் கடை, ஆர்டர், வாடிக்கையாளர் என்று எடுக்கப் போவதில்லை. என்னிடம் இருக்கும் டேபிளையே எடுக்கிறேன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கீழ்பென்னாத்தூர். மல்லாட்டை, நெல், கரும்பு என்று ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் பக்கம். இங்கே பிறந்தவர்களுக்குக் கல்வெட்டு தூரத்து விஷயம் இல்லை. அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர், காடவராயர் கோப்பெருஞ்சிங்கன், போசள மன்னன் மூன்றாம் வல்லாளன், விஜயநகர மன்னர்கள் என்று பல நூற்றாண்டுகளின் எழுத்து நிற்கிறது. மேற்கே செங்கம் பக்கம் போனால் நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று புத்தகமாகவே கொண்டுவந்தது. இப்படி அச்சில் வந்த பாடங்களைத் தட்டச்சு செய்து, சொல் சொல்லாகப் பிரித்து, ஒரு போஸ்ட்கிரெஸ் டேபிளில் சேர்த்து வருகிறேன்.

டேபிளின் பெயர் கல்வெட்டுகள். அதில் எண், ஊர், அரசன், சொற்கள் என நான்கு நெடுவரிசைகள். கடைசியாக இருக்கும் ‘சொற்கள்’ ஒரு டெக்ஸ்ட் அரே. ஒரு கல்வெட்டில் என்னென்ன முக்கியச் சொற்கள் வருகின்றனவோ அத்தனையும் அந்த ஒரே கட்டத்துக்குள் இருக்கும், இப்படி:

{ஏரி, தூம்பு, நிலம், வேலி, நொந்தாவிளக்கு, பேராடு}

டேபிளுக்கும் நெடுவரிசைக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று பலருக்குச் சந்தேகம். தாராளமாக வைக்கலாம், மேற்கோள் குறிகூடத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு பெயர் 63 பைட் வரைதான் போகலாம். யூடிஎஃப் 8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். புள்ளியும் துணைக்காலும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறியீடுகளே. ஆக மொத்தம் 21 குறியீடுகள். ‘கல்வெட்டுகள்’ என்பதற்கே 12 போய்விடுகிறது. ‘திருவண்ணாமலைக்_கல்வெட்டுகள்’ என்று ஆசையாகப் பெயர் வைத்தால், ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு வாலை வெட்டிவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். கல்வெட்டு வாசிப்பதில் எனக்குத் தெரிந்த பாதி அவர் சொல்லிக்கொடுத்தது. டேபிளைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்டார்: “தம்பி, ஏரியும் வெளக்கும் ஒண்ணா வர்ற கல்வெட்டு எதுனா இருக்குதா? ஏரிக்குக் கீழ இருக்கிற நெலத்தை வெளக்குக்கு உட்டது எங்கெங்கன்னு பாக்கணும்.” “பாத்துட்டு சொல்றேங்க ஐயா” என்றேன்.

முதலில் ‘ஏரி’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்தக் கேள்வியை எழுத இரண்டு வழி உண்டு. கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். முதல் வழி:

செலக்ட் எண், ஊர் ஃப்ரம் கல்வெட்டுகள் வேர் 'ஏரி' = எனி(சொற்கள்);

இரண்டாவது வழி:

செலக்ட் எண், ஊர் ஃப்ரம் கல்வெட்டுகள் வேர் சொற்கள் @> அரே['ஏரி'];

இரண்டும் ஒரே பதிலைத்தான் தரும். முதலாவது படிக்க இயல்பாக இருக்கிறது, அதனால் எல்லோர் கையும் அதற்குத்தான் போகிறது. ஆனால் ‘சொற்கள்’ மேல் நீங்கள் எவ்வளவு அருமையான ஜின் இண்டெக்ஸ் போட்டிருந்தாலும், முதல் வடிவத்துக்கு அது பயன்படாது. இரண்டாவது வடிவத்துக்குத்தான் பயன்படும்.

இதைப் போஸ்ட்கிரெஸ்ஸின் குறை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் இண்டெக்ஸ் என்பது நெடுவரிசையோடு மட்டும் கட்டப்பட்டதில்லை, சில ஆபரேட்டர்களோடும் சேர்த்துக் கட்டப்பட்டது. எந்த இண்டெக்ஸ் வகை எந்தெந்த ஆபரேட்டருக்குப் பதில் சொல்லும் என்று ஒரு பட்டியல் உள்ளேயே இருக்கிறது. அரேக்கான ஜின் இண்டெக்ஸின் பட்டியலில் இருப்பவை நான்கு. @> என்றால் இடது பக்க அரே வலது பக்கத்தில் உள்ளதை எல்லாம் கொண்டிருக்கிறதா என்று கேட்கிறோம். <@ அதன் தலைகீழ். && என்றால் ஒன்றாவது பொதுவாக இருக்கிறதா என்று கேட்கிறோம். = என்றால் முழு அரேயும் முழு அரேயும் சமமா என்று கேட்கிறோம். ‘எனி’ இந்தப் பட்டியலில் இல்லை. ‘எனி’ என்று எழுதும்போது நடுவில் நிற்கும் = அரேக்களை ஒப்பிடுவதில்லை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு ஒப்பிடுகிறது. அந்த = ஜின்னுக்கு அறிமுகமே இல்லாதது.

குழப்பத்தைக் கூட்டுவது என்னவென்றால், ‘எனி’க்கு இண்டெக்ஸ் உதவும் ஓர் இடமும் இருக்கிறது. ஊர் = எனி(அரே['வேட்டவலம்', 'ஆவூர்']) என்று எழுதிப் பாருங்கள். ‘ஊர்’ மேல் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் இருந்தால் அது அழகாகப் பயன்படும். இங்கே நெடுவரிசை இடப்பக்கம் இருக்கிறது, நாம் கொடுத்த பட்டியல் வலப்பக்கம். முந்தைய கேள்வியில் நாம் கொடுத்த சொல் இடப்பக்கம், நெடுவரிசை எனியின் வயிற்றுக்குள். கண்ணுக்கு ஒரே ஜாடை, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கேள்விகள். “போன வாரம் எனிக்கு இண்டெக்ஸ் வேலை செஞ்சுதே” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது, நெடுவரிசை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத்தான்.

இது மனதில் நன்றாகப் பதிய, கணினியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். 1978-இல் மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை வழியாக மூன்று தொகுதிகளாக ஒரு நூல் வந்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கான அடைவு அது. தயாரித்தவர்கள் ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவர். சோழர் கல்வெட்டில் ஒருவருடைய பெயர் என்பது ஒற்றைச் சொல் இல்லை. எந்த ஊருக்கு உடையான் அல்லது கிழான், சொந்தப் பெயர் என்ன, அரசன் கொடுத்த பட்டம் என்ன, மூவேந்தவேளானா, பிரமராயனா என்று துண்டு துண்டாக நீளும். நம் மொழியில் சொன்னால் ஒவ்வொரு பெயரும் ஓர் அரே. தனிமனிதர்களின் பெயர்களைக் கணினியின் துணையோடு ஆயிரக்கணக்கில் எண்ணி, சோழர் ஆட்சியில் யாரிடம் நிலம் இருந்தது, பட்டம் பெற்ற அதிகாரிகள் எந்தக் காலத்தில் பெருகினார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் கராஷிமாவும் சுப்பராயலுவும். ஓர் அரசனின் வீரத்தைப் பற்றி அல்லாமல், சமூகத்தைப் பற்றிக் கல்வெட்டுகளிடம் கேள்வி கேட்க அந்த அடைவு வழி செய்தது. தமிழில் தரவு வேலை செய்கிற ஒவ்வொருவரும் அந்த மூன்று தொகுதிகளை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அடைவு என்பது என்ன செய்கிறது? கல்வெட்டைத் திறந்தால் அதிலுள்ள சொற்கள் தெரியும். அடைவைத் திறந்தால் ஒரு சொல், அதற்கு எதிரே அது வரும் கல்வெட்டுகளின் எண்கள். திசை தலைகீழாகிவிட்டது. உ.வே.சா. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது கடைசியில் அகராதியையும் சேர்த்தாரே, அதுவும் இதே வேலைதான். ஜின் என்ற பெயரின் விரிவும் இதையே சொல்கிறது: பொதுமைப்படுத்தப்பட்ட தலைகீழ் இண்டெக்ஸ். மாஸ்கோவைச் சேர்ந்த ஒலெக் பர்த்துனோவும் தியோடர் சிகாயெவும் எழுதி, 2006 டிசம்பரில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 8.2-இல் சேர்ந்தது. பர்த்துனோவ் வானியல்காரர். ஜின் என்றால் பாட்டிலில் இருக்கும் மது என்று நினைக்கக்கூடாது, விளக்கிலிருந்து வரும் பூதம் என்று நினைக்க வேண்டும் என்று அதன் மூலநிரலோடு இருக்கும் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டு கேள்விகளையும் மறுபடி பாருங்கள். 'ஏரி' = எனி(சொற்கள்) என்பது ஒவ்வொரு கல்வெட்டாகப் போய் “உன் சொற்களில் ஏதாவது ஒன்று ஏரியா?” என்று கேட்பது. அடைவு கையில் இருந்தும் கோயிலை முழுக்கச் சுற்றி வருகிற வேலை. @> என்பது அடைவில் ‘ஏரி’ என்ற தலைச்சொல்லைத் திறந்து, எதிரே உள்ள எண்களை எடுத்துக்கொள்வது. நாம் எந்தத் திசையில் கேட்கிறோம் என்பதை ஆபரேட்டர்தான் சொல்கிறது. நம் மனதில் இருப்பதை போஸ்ட்கிரெஸ் ஊகித்து மாற்றி எழுதுவதில்லை.

ஜின்னின் உள்ளமைப்பும் அடைவைப் போலவே இருக்கிறது. மேலே தலைச்சொற்களின் பி-ட்ரீ. ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் கீழே வரிசைகளின் முகவரிப் பட்டியல். பட்டியல் நீண்டுவிட்டால் அதுவே ஒரு தனி ட்ரீ ஆகிவிடும். 2014-இல் வந்த 9.4 பதிப்பில் இந்தப் பட்டியல்களைச் சுருக்கி வைக்கத் தொடங்கினார்கள். அதே பதிப்பில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. அரிய சொல்லும் மலிந்த சொல்லும் சேர்த்துக் கேட்டால், அரிய சொல்லின் சிறிய பட்டியலை வைத்துக்கொண்டு மலிந்த சொல்லின் பட்டியலில் தேவையில்லாத பகுதிகளைத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டது. நிலம் என்ற சொல் கல்வெட்டில் எங்கும் வரும். தூம்பு அப்படி வராது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தூம்பின் பட்டியல்தான் வழிநடத்தும். அப்படியானால் ஐயாவின் கேள்வி இவ்வளவுதான்:

வேர் சொற்கள் @> அரே['ஏரி', 'நொந்தாவிளக்கு']

இதையே && என்று எழுதினால், ஏரி வருவதும் விளக்கு வருவதும் தனித்தனியாகவே எல்லாம் வந்து குவியும். விளக்கு வைக்காத கோயில் எது? ஒரு நொந்தாவிளக்குக்கு (அணையா விளக்குக்கு) 90 ஆடு, 96 ஆடு, அவை சாவா மூவாப் பேராடு என்று விளக்குத் தானங்கள் தமிழ்நாடு முழுக்கக் கல்லில் நிறைந்து கிடக்கின்றன.

சரி, இண்டெக்ஸ் போடும்போதே ‘யூசிங் ஜின்’ என்று சொல்ல வேண்டும். எதுவும் சொல்லாமல் போட்டால் வருவது பி-ட்ரீ. அரே மேலும் பி-ட்ரீ போடலாம், போஸ்ட்கிரெஸ் தடுக்காது. ஆனால் அது முழு அரேயையும் ஒற்றைப் பொருளாக எடுத்து வரிசைப்படுத்தி வைத்திருக்கும். ‘இதே சொற்கள், இதே வரிசையில் உள்ள கல்வெட்டு எது’ என்ற, யாரும் கேட்காத கேள்விக்குத்தான் அது உதவும். பெரிய அரே வந்தால் இண்டெக்ஸ் பதிவு 2704 பைட்டைத் தாண்டுகிறது என்று பிழையும் வரும். ஜாங்கோ பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே அரே ஃபீல்டில் ‘டிபி இண்டெக்ஸ்’ என்று மட்டும் குறித்தால் கிடைப்பது பி-ட்ரீதான். ஜின் வேண்டுமென்றால் ‘ஜின் இண்டெக்ஸ்’ வகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மற்றபடி ஜாங்கோவின் ‘கண்டெய்ன்ஸ்’ நேராக @> ஆகவும், ‘ஓவர்லேப்’ நேராக && ஆகவும் மாறுவதால் அந்தப் பக்கம் கவலை இல்லை.

நெடுவரிசை வார்ச்சார் அரேயாக இருந்தால் இன்னொரு தொல்லை. அரே['ஏரி'] என்று எழுதினால் அது டெக்ஸ்ட் அரே ஆகிவிடும். வார்ச்சார் அரேக்கும் டெக்ஸ்ட் அரேக்கும் நடுவில் @> கிடையாது என்று பிழை காட்டும். உடனே நெடுவரிசையின் வகையை மாற்றி எழுதத் தோன்றும். நெடுவரிசையைத் தொடாதீர்கள், நீங்கள் கொடுக்கும் மதிப்பின் வகையை மாற்றுங்கள். அதைவிட நல்லது, முதலிலேயே டெக்ஸ்ட் அரேயாக வைத்துவிடுவது.

எண்களின் அரே வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் கதை. ‘இன்ட்அரே’ என்று ஒரு நீட்சி இருக்கிறது. அதுவும் பர்த்துனோவ், சிகாயெவ் எழுதியதுதான். அதை நிறுவினால் முழு எண் அரேக்களுக்கென்று அது தன் சொந்த @>, && ஆபரேட்டர்களைக் கொண்டுவருகிறது. பெயர் ஒன்று, ஆள் வேறு. முழு எண் அரே என்று தெரிந்ததும் போஸ்ட்கிரெஸ் பொது ஆபரேட்டரை விட்டுவிட்டு இந்தச் சிறப்பு ஆபரேட்டரைத் தேர்ந்தெடுக்கும். உங்கள் ஜின் இண்டெக்ஸ் பொது ஆபரேட்டருக்காகக் கட்டப்பட்டது, ஆகவே பயன்படாது. நேற்று வரை ஓடிய க்வெரி இன்று திடீரென்று நின்றுவிட்டது, க்வெரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று யாராவது சொன்னால், நான் கேட்கும் அடுத்த கேள்வி ‘இன்ட்அரே நிறுவினீர்களா’ என்பதுதான். இண்டெக்ஸை ‘ஜின்__இன்ட்_ஆப்ஸ்’ வகையில் மறுபடி போட்டால் தீர்ந்துவிடும். இல்லையென்றால் க்வெரியில் பொது ஆபரேட்டர்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சரி செய்த பிறகும் இண்டெக்ஸைத் தொடவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது டேபிளின் அளவு. சில நூறு கல்வெட்டுகள் மட்டுமே இருக்கும் டேபிள் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அதை முழுக்கப் படிப்பதே மலிவு, இண்டெக்ஸைத் திறப்பது வீண் வேலை. அப்போது போஸ்ட்கிரெஸ் எடுக்கும் முடிவு சரியான முடிவு. கற்றுக்கொள்பவர்கள் நாலைந்து வரிசை போட்டுப் பார்த்துவிட்டு இண்டெக்ஸ் வேலை செய்யவில்லை என்று மனம் தளர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். என் டேபிளும் சின்னதுதான். அதனால் சோதனைக்காக இருக்கும் வரிசைகளைப் பல மடங்கு பெருக்கி, லட்சக்கணக்கில் ஆக்கித்தான் பார்த்தேன். இதைச் செய்ய வழியில்லையென்றால், ‘எனேபிள் சீக்ஸ்கேன்’ என்ற அமைப்பை அந்த இணைப்பில் மட்டும் அணைத்துவிட்டு ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ ஓட்டிப் பாருங்கள். அப்போது இண்டெக்ஸ் வந்தால், அதற்குப் பதில் சொல்லத் தெரியும், ஆனால் செலவுக் கணக்கில் தோற்றிருக்கிறது என்று பொருள். அப்போதும் வரவில்லையென்றால், அந்த ஆபரேட்டருக்கும் இண்டெக்ஸுக்கும் தொடர்பே இல்லை. நோய் எங்கே என்று கண்டுபிடிக்க மட்டும் இது. உண்மையான சர்வரில் இப்படியே விட்டுவிடக் கூடாது.

எக்ஸ்பிளெய்னில் ‘பிட்மேப் இண்டெக்ஸ் ஸ்கேன்’, அதற்கு மேல் ‘பிட்மேப் ஹீப் ஸ்கேன்’ என்று வந்தால் ஜின் வேலை செய்கிறது. சாதாரண ‘இண்டெக்ஸ் ஸ்கேன்’ என்று வரவில்லையே என்று தேட வேண்டாம், ஜின்னுக்கு அந்த வழியே கிடையாது. பொருந்தும் வரிசைகளின் முகவரிகளை முதலில் ஒரு பிட்மேப்பாகத் திரட்டிக்கொண்டு, பிறகு டேபிளுக்குப் போகும். அங்கே ‘ரீசெக் காண்ட்’ என்ற வரியையும் காட்டும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ‘ஹீப் பிளாக்ஸ்’ வரியில் ‘லாஸி’ என்று பெரிய எண் தெரிந்தால் ‘வொர்க் மெம்’ போதவில்லை என்று அர்த்தம். அதன் இயல்பளவு 4 எம்பி. நினைவகம் நிறைந்ததால் வரிசையின் முகவரியை விட்டுவிட்டுப் பக்கத்தின் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி சோதிக்கிறது.

செலவுக் கணக்கு எங்கிருந்து வருகிறது? ‘அனலைஸ்’ திரட்டி வைக்கும் புள்ளிவிவரத்திலிருந்து. 2012-இல் வந்த 9.2 பதிப்பிலிருந்து அரேக்குள் எந்த உறுப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் போஸ்ட்கிரெஸ் குறித்து வைக்கிறது. ‘பிஜி ஸ்டாட்ஸ்’ பார்வையில் ‘மோஸ்ட் காமன் எலெம்ஸ்’ என்ற நெடுவரிசையைப் பாருங்கள், உங்கள் டேட்டாவைப் பற்றி உங்களுக்கே புதிதாக ஏதாவது தெரியவரும். என் டேபிளுக்கு அதுவே ஒரு சிறு ஆய்வுக் குறிப்பு மாதிரி இருந்தது. மொத்தமாக டேட்டா ஏற்றிய கையோடு அனலைஸ் ஓட்டாவிட்டால் இந்தக் கணக்கு பழையதாகவே இருக்கும். பாதிக் கல்வெட்டுகளில் வரும் சொல்லைக் கேட்டால், புள்ளிவிவரம் சரியாக இருந்தாலும் முழு டேபிளையே படிக்கும். அதுவும் நியாயம்தான்.

ஆர்டர் பையும் லிமிட்டும் சேரும்போதுதான் கணக்கு உண்மையிலேயே சறுக்குகிறது. ‘தூம்பு வரும் கல்வெட்டுகளில் எண் வரிசைப்படி முதல் பத்தைக் கொடு’ என்று கேட்கிறோம். எண் மேல் பி-ட்ரீ இருக்கிறது. அதன் வழியே வரிசையாக நடந்துகொண்டே போனால் பத்து கிடைத்ததும் நிறுத்திவிடலாமே என்று போஸ்ட்கிரெஸ் நினைக்கிறது. தூம்பு டேபிள் முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறது என்பது அதன் அனுமானம். தூம்பு உள்ள கல்வெட்டுகள் எல்லாம் கடைசி எண்களில் குவிந்திருந்தால், ஏறக்குறைய முழு டேபிளையும் நடந்துதான் முடிக்கும். இதற்கு நான் செய்வது, தேடலை ‘மெட்டீரியலைஸ்டு’ என்று குறித்த ஒரு ‘வித்’ பகுதிக்குள் வைத்து, வரிசைப்படுத்தலை வெளியே செய்வது. அந்தக் குறிச்சொல் 12-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது.

தமிழ் டேட்டா வைத்திருப்பவர்கள் தூக்கம் கெட வேண்டிய இடம் இதுவரை சொன்னவற்றில் எதுவும் இல்லை. அது எழுத்தில் இருக்கிறது. ‘கொடை’ என்ற சொல்லை எடுங்கள். யூனிகோடில் ‘கொ’ என்பதைக் க-வோடு ஒகர உயிர்க்குறி ஒன்றைச் சேர்த்து எழுதலாம். க-வோடு ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளாகப் பார்த்தால் வேறு வேறு. அரேக்குள் சமமா என்று பார்ப்பது பைட்டுகளை வைத்துத்தான். இண்டெக்ஸ் மின்னல் வேகத்தில் ஓடி, கொடை எங்கும் இல்லை என்று சொல்லிவிடும். தாமதமான பதிலைவிட இது மோசம், ஏனென்றால் விடுபட்டது நமக்குத் தெரியவே தெரியாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது அடிக்கடி வரும். 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில் ‘நார்மலைஸ்’ என்ற செயல்கூறு வந்தது. டேபிளுக்குள் போகும்போதும் கேள்வி கேட்கும்போதும் இரண்டு பக்கமும் அதன் வழியே அனுப்பிவிட்டால் இந்த இரட்டை வடிவம் ஒன்றாகிவிடும். ஆனால் எல்லாம் தீராது. ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். அவற்றை யூனிகோடு வெவ்வேறாகவே கருதுகிறது, நார்மலைஸ் ஒன்றாக்காது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டியவற்றையும் அது தொடாது. ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும் கல்வெட்டுகளை எண்ணுபவர்கள் இதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது வேற்றுமை உருபு. கல்லில் இருப்பது ‘ஏரிக்கு’, ‘ஏரியில்’, ‘ஏரிக்கீழ்’, ‘ஏரிப்பட்டி’. அரேயில் தேடுவது முழுச் சொல்லுக்கு முழுச் சொல். ‘ஏரி’ என்று தொடங்கும் உறுப்பு ஏதாவது உண்டா என்று லைக் போட்டு அரேக்குள் கேட்க இந்த இண்டெக்ஸில் வழி இல்லை. போஸ்ட்கிரெஸ் 2019-இல் 12-ஆம் பதிப்பில் தமிழுக்கும் ஸ்னோபால் வேர்ச்சொல் பிரிப்பானைச் சேர்த்தது. இன்றைய உரைநடைக்கு அதை முயன்று பார்க்கலாம். பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டுத் தமிழை அதனிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏரிப்பட்டி என்பது ஏரியைப் பராமரிக்க விட்ட நிலம். அதை ஏரி என்று வெட்டிச் சுருக்கினால் ஒரு நிர்வாக முறையே மறைந்துவிடும். ஆகவே தலைச்சொல்லை நானே தீர்மானித்து ஏற்றுகிறேன். ஐயம் வந்தால் சுப்பராயலு பதிப்பித்து சாந்தி சாதனா இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ‘தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி’யைத் திறக்கிறேன். மெதுவான வேலைதான். ஆனால் இண்டெக்ஸின் தரம் தலைச்சொல்லின் தரத்தைத் தாண்டாது. கராஷிமா குழுவின் அடைவுக்கு மதிப்பு வந்ததும், எது ஒரு பெயர், எது அதன் பகுதி என்று ஆட்கள் உட்கார்ந்து முடிவு செய்ததால்தான்.

எழுதும் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கல்வெட்டைச் சேர்த்தால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் இண்டெக்ஸில் ஒரு மாற்றம். அதைத் தள்ளிப்போட ஜின் புதியவற்றை ஒரு காத்திருப்புப் பட்டியலில் போட்டுவைக்கிறது. அதன் இயல்பளவும் 4 எம்பி. தேடும்போது அந்தப் பட்டியலையும் முழுக்கப் படித்தாக வேண்டும். வேக்கூம் வந்து அதைக் காலி செய்யும். நிறைய ஏற்றுவதானால் இண்டெக்ஸை நீக்கிவிட்டு, ஏற்றி முடித்துப் புதிதாகப் போடுவதே நல்லது. 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில் ஜின் இண்டெக்ஸைப் பல கூறுகளாக ஒரே நேரத்தில் கட்டவும் வழி வந்துவிட்டது.

அரே வைப்பதே தவறு, தனி டேபிள்தான் சரி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் ஆவணத்திலேயே, அரேக்குள் உறுப்பைத் தேடிக்கொண்டிருப்பது வடிவமைப்பு சரியில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பு உண்டு. நான் அதைப் பாதி ஏற்கிறேன். ஒருமுறை ஏற்றி, பலமுறை படித்து, ‘இந்தச் சொல் இதில் உண்டா’ என்பதை மட்டும் கேட்கும்வரை அரே நல்ல வீடு. ஒரே வரிசையில் எல்லாம் இருக்கும், இணைப்புகள் தேவையில்லை, இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துக் கேட்பது @> ஒன்றில் முடிந்துவிடும். சொல்லைப் பற்றியே ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் அரே தாங்காது. அரேயின் உறுப்புகளுக்கு ஃபாரின் கீ கிடையாது, உறுப்புக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத இடமும் கிடையாது.

ஐயாவுக்குப் பட்டியலை அனுப்பியதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி அந்த எல்லையில்தான் வந்து நிற்கிறது. “தம்பி, ஏரி மொத வரியில வருதா, நெலத்தோட எல்லை சொல்ற எடத்துல வருதா? எல்லையில வந்தா அது தானத்துல சேராது.” நியாயமான கேள்வி. இதற்குச் சொல்லோடு வரி எண்ணும், அது தானப் பகுதியா எல்லைப் பகுதியா என்ற குறிப்பும் வேண்டும். ஆகவே சொல், கல்வெட்டு எண், வரி எண், பகுதி என நான்கு நெடுவரிசையில் தனி டேபிள் போட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லும் கல்வெட்டு எண்ணும் சேர்ந்த சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸோடு. பழைய அரே நெடுவரிசையையும் நீக்கவில்லை. முதல் சல்லடை அதுதான், ஜின் கொடுக்கும் கல்வெட்டு எண்களை வைத்துக்கொண்டு புதிய டேபிளில் வரி வரியாகப் பார்க்கலாம். அண்ணாமலையார் கோயில் பாடங்களில் எல்லைப் பகுதிகளைக் குறிக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.